ஆமணக்கு: கணக்கில் வராத மருந்து

"பேதிக்குக் குடித்தல்" என்றால் என்னவென்று ஐம்பது வயதைத் தாண்டிய ஈழத்தமிழர் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் ஒரு நாள் விடியற்காலையில், வெறுவயிற்றில், வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாக ஆமணக்கெண்ணெய் கொடுக்கப்படும். வாயை மாற்றச் சுடச்சுடக் கோப்பியோ தேசிக்காய்த் துண்டோ கிடைக்கும். அன்று முழுக்க வெளியே போகமுடியாது. மத்தியானம் ரசமும் குழைந்த சோறும் மட்டும்தான்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இந்த வழக்கம் குறைந்துவிட்டது, ஆனால் மறையவில்லை. எங்கள் கடைகளில் ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் இன்றும் விற்கிறது. ஊருக்குப் போய் வருபவர்களின் பயணப்பையிலும் வருகிறது. இன்னொரு பக்கம், கேரளத்திலும் இலங்கையின் தென்கரையிலும் உள்ள ஆயுள்வேத விடுதிகளில் "பஞ்சகர்மா" என்ற பெயரில் உடற்சுத்திச் சிகிச்சை நடக்கிறது. ஐரோப்பியரோடு எங்களவர்களும் விடுமுறைக்கு அங்கே போகிறார்கள். அம்மம்மாவின் எண்ணெய்ப் போத்தலிலும் விடுதியின் சிகிச்சை அறையிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே செடியின் எண்ணெய்தான்.

இந்தக் கட்டுரை அந்தச் செடியைப் பற்றியது. நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். எதையும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்ப்பது தொழிற்பழக்கம். ஆமணக்கை அப்படி எழுதிப் பார்த்தால் தெரிவது இதுதான்: இது வலுவான மருந்து. ஆனால் எங்கள் வீடுகளில் இதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

செடி

ஆமணக்கின் தாவரவியற் பெயர் ரிசினஸ் கொம்யூனிஸ். 1753 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர் இது. இலத்தீனில் "ரிசினஸ்" என்றால் உண்ணி. மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியையும் ஆமணக்கு விதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இதன் தாயகம் வடகிழக்கு ஆபிரிக்கா என்று கருதப்படுகிறது. எகிப்தியர் மிகப் பழைய காலத்திலேயே இதை அறிந்திருந்தனர். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் என்ற எகிப்திய மருத்துவச் சுருளில் இது பேதி மருந்தாகக் குறிப்பிடப்படுகிறது. இந்தியாவிலும் இது மிகப் பழைய காலந்தொட்டே பயிராகிறது.

வெப்பநாடுகளில் இது பல ஆண்டு வாழும் பெருஞ்செடி. சில இடங்களில் 10 மீற்றர் வரை சிறுமரமாகவே வளரும். பனிவிழும் நாடுகளில் ஒரு கோடைகாலம் மட்டும் வாழ்ந்து, 2 அல்லது 3 மீற்றர் உயர்ந்து, முதல் உறைபனியோடு செத்துவிடும். இலை பப்பாசி இலையை நினைவூட்டும். விரித்த கைபோல 5 முதல் 11 வரை பிளவுகள் இருக்கும். ஒரே பூந்தண்டில் கீழே ஆண் பூக்கள், மேலே சிவந்த சூலகமுடிகளோடு பெண் பூக்கள். காய் மென்மையான முட்களோடு மூன்று அறைகளாக இருக்கும். அறைக்கு ஒன்றாக மூன்று விதைகள். நன்றாகக் காய்ந்ததும் காய் வெடித்து விதையைத் தூர எறியும்.

விதைதான் முத்து. பளபளப்பான தோலில் கபிலமும் வெள்ளையுமாகக் கோலம் போட்டதுபோல இருக்கும். இரண்டு விதைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. சிறுபிள்ளைகள் கண்டால் கையில் எடுக்காமல் போகமாட்டார்கள். இந்த அழகே இதன் ஆபத்துகளில் ஒன்று.

பெயர்களும் பெயர்க் குழப்பமும்

தமிழில் சிறிய விதை உள்ளது சிற்றாமணக்கு, பெரிய விதை உள்ளது பேராமணக்கு, தண்டும் இலையும் சிவந்திருப்பது செவ்வாமணக்கு. சமஸ்கிருதத்தில் ஏரண்டம். இன்னொரு சமஸ்கிருதப் பெயர் கந்தர்வஹஸ்தம், அதாவது கந்தர்வனின் கை. இலையின் வடிவத்தால் வந்த பெயர். கேரளத்து மருந்துக் கடைகளில் கிடைக்கும் கந்தர்வஹஸ்தாதி கஷாயம் இந்தச் செடியின் வேரை முதற்சரக்காகக் கொண்டது. சிங்களத்தில் இதை எண்டரு என்பார்கள். பேச்சில் ஏரண்டத்தோடு அதன் உறவு கேட்கும்.

எண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்ற பெயரும் உண்டு. மண்ணெண்ணெய் வருவதற்கு முன் வீட்டு விளக்குகளில் எரிந்த எண்ணெய்களில் இதுவும் ஒன்று. இந்த எண்ணெய் விளக்கின் புகைக்கரியைத் தட்டில் படியவிட்டு, அதே எண்ணெயில் குழைத்துக் கண்மை செய்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்றால் ஒன்றையும் தவறவிடாமல் கவனிப்பது. கணக்காய்வு செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த மரபுத்தொடர் இது.

பெயரில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காட்டாமணக்கு வேறு செடி. வேலிகளில் நடப்படும் அதன் விதையும் நஞ்சு. அதன் எண்ணெய் குடிப்பதற்கு உரியதல்ல. நேர்வாளமும் வேறு செடி. சித்த வைத்தியத்தில் சில பேதிக் குளிசைகளில் சுத்தி செய்த நேர்வாள விதை சேரும். அதன் வேகம் ஆமணக்கெண்ணெயை விடப் பலமடங்கு கடுமையானது. மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் வயிற்றைக் கழியச் செய்பவை. ஆகவே ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்வது உயிராபத்து.

எண்ணெய் வேறு, விதை வேறு

ஆமணக்கு விதையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெய் மருந்து. எண்ணெய் போக மீதியுள்ள சக்கையில் ரிசின் என்ற புரதம் இருக்கிறது. உலகில் அறியப்பட்ட கடும் நஞ்சுகளில் ஒன்று அது.

1888 ஆம் ஆண்டு, இன்றைய எஸ்தோனியாவில் உள்ள தோர்பாத் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற ஆய்வு மாணவர் இந்தப் புரதத்தைப் பிரித்து எடுத்துப் பெயரிட்டார். ரிசினுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பகுதி உடற்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வழி திறக்கும். மற்றப் பகுதி உள்ளே போய், கலம் புரதம் செய்யும் இயந்திரத்தைப் பழுதாக்கும். புரதம் செய்ய முடியாத கலம் சாகும். இதற்கு முறிமருந்து இன்றுவரை வழக்கத்தில் இல்லை. சிகிச்சை என்பது உடலைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே.

1978 செப்டெம்பர் 7 ஆம் நாள், இலண்டன் வாட்டர்லூ பாலத்தருகே பேருந்துக்குக் காத்திருந்த பல்கேரிய எழுத்தாளர் ஜோர்ஜி மார்க்கோவின் தொடையில் ஏதோ குத்தியது. நான்கு நாட்களில் அவர் இறந்தார். உடலிலிருந்து எடுக்கப்பட்ட உலோகக் குண்டு 2 மில்லிமீற்றர் அகலம்கூட இல்லை. அதில் இருந்தது ரிசின் என்று கருதப்படுகிறது. அவரும் தன் நாட்டிலிருந்து தப்பி வந்து இன்னொரு நாட்டில் வாழ்ந்தவர். இன்று இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் ரிசின் இருக்கிறது.

அப்படியானால் எண்ணெய் எப்படிக் குடிக்கக்கூடியதாகிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, ரிசின் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பிழியும்போது அது சக்கையோடு நின்றுவிடும். இரண்டாவது, அது புரதம் என்பதால் சூட்டில் சிதையும். 80 பாகை செல்சியஸுக்கு மேல் போதிய நேரம் சூடாக்கினால் அதன் நஞ்சுத்தன்மை போய்விடும்.

ஊரில் எண்ணெய் எடுத்த முறையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். விதையை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் அள்ளி, ஈரம் போகும் வரை மீண்டும் காய்ச்சுவார்கள். ரிசின் என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த வேலையின் ஒவ்வொரு படியும் ரிசினை அழிக்கும் படியாகவே இருந்தது. ஆயுள்வேதத்திலும், விதையை மருந்தில் சேர்க்க வேண்டுமானால் முதலில் இளநீரில் வேகவைத்துச் சுத்தி செய்ய வேண்டும் என்று முறை உண்டு.

எள்ளுப் பிண்ணாக்கையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைத்த எங்கள் ஆட்கள் ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கவில்லை. அதைத் தோட்டத்துக்கு எருவாகப் போட்டார்கள். இதுவும் ஒரு விதிதான். யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எண்ணெய் வயிற்றில் செய்யும் வேலை

ஆமணக்கெண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலெயிக் அமிலம். மற்றச் சமையல் எண்ணெய்கள் எதிலும் இது இந்த அளவுக்கு இல்லை. பெயர் ரிசினைப் போல ஒலித்தாலும் இரண்டுக்கும் வேதியியலில் உறவில்லை. ஒன்று கொழுப்பமிலம், மற்றது புரதம்.

குடித்த எண்ணெய் சிறுகுடலுக்குப் போனதும் அங்குள்ள நொதியம் அதை உடைத்து இந்த அமிலத்தை விடுவிக்கும். அமிலம் குடற்சுவரின் தசையைச் சுருங்கச் செய்யும். கூடவே குடலுக்குள் நீர் சேரும். 2 முதல் 6 மணித்தியாலத்தில் பேதி தொடங்கும்; சிலருக்கு இன்னும் பிந்தும். பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த இந்த வேலையின் நுட்பம் 2012 ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. ரிசினோலெயிக் அமிலம் குடற்தசையிலுள்ள ஈ.பி.3 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது என்று ஜேர்மனிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இந்த எண்ணெய் ஏன் ஆகாது என்று பழைய வைத்தியர்கள் சொன்னதற்கு இது விடை.

இது கொழுப்பைக் கரைப்பதில்லை. ஈரலைக் கழுவுவதில்லை. "உடம்பிலுள்ள நஞ்செல்லாம் போகும்" என்று விளம்பரங்கள் சொல்வதற்கு நவீன மருத்துவத்தில் ஆதாரமில்லை. குடலில் இருப்பதை நீரோடு வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த நீரோடு சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும் போகும். குடித்தவுடன் ஒரு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் இழந்தது தண்ணீரை.

அளவு மீறினால் இந்த எண்ணெய் தண்டனையாகும். 1920களில் இத்தாலியில் முசோலினியின் கருஞ்சட்டைக் குண்டர்கள் எதிர்க்கட்சிக்காரரைப் பிடித்து ஆமணக்கெண்ணெயை வாயில் ஊற்றி அவமானப்படுத்தினார்கள். பழிக்க எடுத்தது நஞ்சை அல்ல. எந்த மருந்துக் கடையிலும் கிடைத்த பேதி எண்ணெயை.

ஆயுள்வேதத்தில் இதன் இடம்

பஞ்சகர்மம் என்றால் ஐந்து செயல்கள். சரக மரபில் அவை: வமனம் (சத்தி எடுக்கச் செய்தல்), விரேசனம் (பேதி), கஷாய வஸ்தி, எண்ணெய் வஸ்தி, நசியம் (மூக்கில் மருந்திடல்). வஸ்தி என்பது மலவாய் வழியே மருந்து செலுத்துவது. சுசுருத மரபினர் இரண்டு வஸ்தியையும் ஒன்றாகக் கொண்டு, குருதி வாங்குவதை ஐந்தாவதாகச் சேர்ப்பார்கள்.

ஆமணக்குக்கு இதில் இரண்டு வேலை. எண்ணெய் விரேசனத்துக்கு, வேர் வஸ்திக் கஷாயத்துக்கு. சரக சங்கிதை ஒவ்வொரு வேலைக்கும் சிறந்த பொருள் எது என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் வாதத்தைத் தணிக்கும் பொருட்களில் ஆமணக்கு வேர் முதலிடம் பெறுகிறது. நாரிநோ, முழங்கால் நோ, கால் இழுப்பு முதலியவற்றுக்கு ஆயுள்வேத வைத்தியர் ஆமணக்கைத் தேடுவது இதனால்தான்.

பேதிப் பொருட்களிலும் அந்த நூல் தரம் பிரிக்கிறது. மென்மையானதில் சிறந்தது கொன்றை, சுகமாகக் கழியச் செய்வதில் சிறந்தது சிவதை, கடுமையானதில் முதல்வன் கள்ளி. ஆமணக்கெண்ணெய், நெய்ப்போடு கழியச் செய்யும் வகையைச் சேர்ந்தது.

விடுதிக்குப் போக எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய விடயம், விரேசனம் ஒரு நாள் வேலை அல்ல என்பது. முறைப்படி செய்தால் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் 3 முதல் 7 நாட்கள் வரை மருந்து நெய்யைக் கூடிக்கொண்டே போகும் அளவில் குடிக்க வேண்டும். பிறகு எண்ணெய் தேய்த்து வியர்வை வரச் செய்வார்கள். அதன் பின்னர்தான் பேதி மருந்து. மருந்து வேலை செய்து முடிந்ததும் மூன்றாவது கட்டம்: கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த கஞ்சி, பிறகு பருப்புச் சாறு என்று படிப்படியாக வழமையான சாப்பாட்டுக்குத் திரும்புவது. இதற்கும் 3 முதல் 7 நாட்கள்.

யாருக்குப் பேதி கொடுக்கக்கூடாது என்றும் நூல்கள் பட்டியல் தருகின்றன. புதுக் காய்ச்சல் உள்ளவர், மலவாயால் குருதி போகிறவர், பலவீனர், பட்டினி கிடந்தவர், கர்ப்பிணி ஆகியோர் அதில் அடங்குவர். ஆகவே "ஒரு வாரத்தில் முழுப் பஞ்சகர்மா" என்று விற்கும் இடத்தில், மூன்று கட்டங்களில் எதை வெட்டினார்கள் என்று கேட்க வேண்டும். உங்கள் மருந்துப் பட்டியலைக் கேட்காமலே நாள் குறிக்கும் இடத்துக்குப் பணம் கட்டக்கூடாது.

சித்த முறையும் வீட்டு முறையும்

எங்கள் வீடுகளில் நடந்தது ஆயுள்வேத விரேசனம் அல்ல. சித்த மரபிலிருந்து வந்த வழக்கம். தேரையரின் பெயரில் வழங்கும் நோயணுகா விதிகளில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சத்திக்கும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கும் மருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. மூன்று தவணைகள் கொண்ட பள்ளிக்கூட ஆண்டில் தவணை விடுமுறை நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தது வசதியாகப் போயிற்று.

இலங்கையின் 1961 ஆம் ஆண்டு ஆயுள்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் ஆயுள்வேதம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. அதனால் ஊரில் "ஆயுள்வேத வைத்தியசாலை" என்ற பலகை இருந்தாலும் உள்ளே சித்த வைத்தியர் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் கைதடியில் உள்ள போதனா வைத்தியசாலை சித்த வைத்தியத்துக்கு உரியது.

வீட்டு முறைக்கும் சொல்லப்படாத விதிகள் இருந்தன. காய்ச்சலோ தடிமனோ உள்ள பிள்ளைக்கு அன்று எண்ணெய் இல்லை. கைக்குழந்தைக்கு இல்லை. வயிற்றுக்குத்து என்று அழும் பிள்ளைக்குப் பரியாரியாரைக் கேட்காமல் கொடுப்பதில்லை. மழைநாளில் கொடுப்பதில்லை. கொதிநீரும் மோரும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றும் மறுநாளும் இறைச்சி, மீன், பொரியல் கிடையாது. அளவை அளந்தது எப்போதும் ஒரே கை: அப்பாச்சியோ அம்மம்மாவோ. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பது அவரது மனக்கணக்கு.

அந்த மனக்கணக்கு எங்களோடு விமானம் ஏறவில்லை. போத்தல் மட்டும் ஏறியது.

கணக்கில் சேராத இடம்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் 74 வயதுத் தாயார் பிரசருக்கும் கால் வீக்கத்துக்கும் குளிசை எடுப்பவர். அதில் ஒன்று சலத்தோடு நீரை வெளியேற்றும் குளிசை. இரண்டு நாள் வயிறு போகவில்லை என்று ஊரில் குடித்த அதே அளவு ஆமணக்கெண்ணெயைக் குடித்தார். பின்னேரம் குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றி உடைந்தது. வைத்தியசாலையில் "என்னென்ன மருந்து எடுக்கிறார்?" என்று கேட்டார்கள். மகள் குளிசைகள் எல்லாவற்றையும் பிழையின்றிச் சொன்னார். எண்ணெயைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. அது மருந்து என்ற நினைப்பே வரவில்லை. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. காரணம் தேடி இரண்டு நாள் போன பிறகுதான் பேத்தி எண்ணெயைப் பற்றிச் சொன்னாள்.

அவர் ஊரில் குடித்த காலத்தில் வயது முப்பது. குளிசை எதுவும் இல்லை. எண்ணெயின் அளவு மாறவில்லை, குடித்த உடம்பு மாறிவிட்டது.

எங்கள் தலைமுறையில் சலரோகமும் பிரசரும் இல்லாத வீடு குறைவு. ஆகவே பின்வருவோர் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் ஆமணக்கெண்ணெய் குடிக்கக்கூடாது:

நீர் வெளியேற்றும் குளிசை எடுப்பவர்கள். ஏற்கெனவே இழக்கும் உப்பையும் நீரையும் எண்ணெய் இன்னும் கூட்டும்.

இதயத்துக்கு டிகொக்சின் எடுப்பவர்கள். பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தின் நஞ்சுத்தன்மை கூடும்.

சலரோகத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள். சாப்பிடாமல் பேதியும் போனால் சீனி திடீரென்று இறங்கலாம். மெற்போமின் எடுப்பவருக்கு உடல் வறளுவது தனி ஆபத்து.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், தனியே வாழும் முதியவர்கள்.

காரணம் தெரியாத வயிற்றுக்குத்தோ சத்தியோ காய்ச்சலோ உள்ளவர்கள். குடல்வால் அழற்சியாகவோ குடல் அடைப்பாகவோ இருந்தால், பேதி எண்ணெய் குடலை வெடிக்கச் செய்யலாம். இது எல்லா வயதினருக்கும் பொருந்தும்.

குளிசை எடுத்த சில மணித்தியாலத்துக்குள் பேதி போனால் அந்தக் குளிசை உடம்பில் சேராமலே போகவும் கூடும். கருத்தடைக் குளிசைக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் விற்கும் போத்தல்களில் வளர்ந்தோருக்கு ஒரு வேளை அளவு 15 முதல் 60 மில்லிலீற்றர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது நோயில்லாத உடம்புக்குச் சொன்ன அளவு. தொடர்ந்து எடுப்பதற்கு உரியதும் அல்ல. இன்றைய வைத்தியர்கள் மலச்சிக்கலுக்குப் பொதுவாக லக்ருலோசையோ மக்ரோகோலையோதான் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறைப் பேதி தேவை என்று எந்த மேலைநாட்டு வைத்தியரும் சொல்லமாட்டார். ஊரில் அதற்கு ஒரு காரணமாக இருந்த வயிற்றுப் பூச்சிக்கு இப்போது ஒரு வேளைக் குளிசை போதும்.

வரவுப் பக்கம்

செலவுப் பக்கத்தை மட்டும் எழுதினால் கணக்கு நேர்மையாக இருக்காது. உலக ஆமணக்கு உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு இந்தியாவுடையது. அதில் பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. இந்த எண்ணெய் கடுங்குளிரிலும் எளிதில் உறையாது, பெருஞ்சூட்டிலும் வழவழப்பை இழக்காது. முதல் உலகப் போர் விமான எஞ்சின்களில் ஊற்றப்பட்டது இதுதான். 1909 இல் காஸ்ட்ரோல் என்ற எஞ்சின் எண்ணெய்க்குப் பெயர் வந்ததும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான். சவர்க்காரம், மை, உதட்டுச்சாயம், நைலோன் 11 என்ற பிளாஸ்ரிக் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. அசாமில் எரி பட்டுப்புழு ஆமணக்கு இலையைத் தின்று வளர்கிறது.

மருத்துவத்திலும் பேதியோடு இதன் வேலை முடியவில்லை. பக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைத்து நரம்பில் ஏற்ற, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பான் பயன்படுகிறது. அந்தச் சிகிச்சையில் சிலருக்கு வரும் ஒவ்வாமைக்கு இந்தக் கரைப்பானும் ஒரு காரணம் என்பதால், முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பார்கள். வெளிப்பூச்சாகவும் எண்ணெய்க்குப் பயன் உண்டு. வெடித்த குதிக்கால், வறண்ட தோல், முழங்கால் ஒத்தடம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலானோர் பயமின்றிப் பூசலாம். வதக்கிய இலையை நோவுள்ள மூட்டில் கட்டுவதும் பழைய வழக்கம்.

புலம்பெயர் வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஜேர்மனியில் இந்தச் செடியை "அதிசய மரம்" என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நகரப் பூங்காக்களில் கோடைகாலப் பாத்திகளில் அழகுக்காக இதை நடுகிறார்கள், பெரும்பாலும் செவ்வாமணக்கு வகையை. கண்டவுடன் "எங்கட ஆமணக்கு" என்று விதை பொறுக்க மனம் வரும். பொறுக்க வேண்டாம்.

விதையை முழுதாக விழுங்கினால் கடினத் தோல் காரணமாகச் சிலவேளை அப்படியே வெளியேறலாம். கடித்து மென்றால் நஞ்சு வெளிவரும். சிறுபிள்ளைக்கு ஒரு சில விதைகளே உயிராபத்தாகலாம். சத்தி, வயிற்றுக்குத்து, குருதி கலந்த வயிற்றோட்டம் ஆகியவை சில மணித்தியாலம் கழித்தே தொடங்கும். அதுவரை பிள்ளை சுகமாகவே தெரியும். மென்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே அவசர உதவியையோ நஞ்சுத் தகவல் நிலையத்தையோ அழைக்க வேண்டும். மிஞ்சிய விதையைக் கையோடு கொண்டு போக வேண்டும். வீட்டில் சத்தி எடுக்கச் செய்யக்கூடாது.

இணையத்தில் விதை வாங்கி, வீட்டில் அரைத்து எண்ணெய் எடுக்க முயலக்கூடாது. சமையலறை அரைக்கும் இயந்திரத்தில் ஆமணக்கு விதையை அரைப்பது நஞ்சைத் தூளாக்கும் வேலை. தோட்டத்துக்கு இயற்கை உரம் வாங்கும்போது அதில் ஆமணக்குப் பிண்ணாக்கு இருக்கிறதா என்று பைக்கட்டில் பாருங்கள். சரியாகச் சூடாக்கப்படாத பிண்ணாக்கைத் தின்று நாய்கள் நஞ்சேறிய சம்பவங்கள் பல பதிவாகியுள்ளன. ஊரில் மாட்டுக்கு வைக்காததை இங்கே நாய்க்கு எட்டும் இடத்தில் போட்டுவிடுகிறோம்.

குடிப்பதற்கு எண்ணெய் வாங்கினால், உள்ளே எடுக்கும் மருந்துத் தரம் என்று போத்தலில் இருக்க வேண்டும். தலைமுடிக்கும் தோலுக்கும் என்று விற்கும் எண்ணெய் குடிப்பதற்கல்ல. விளக்குக்கென்று விற்கும் எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒரு சிறிய வேலை. வீட்டில் வயதானவர்களுக்காக எழுதி வைத்திருக்கும் மருந்துப் பட்டியலை எடுங்கள். குளிசைகளுக்குக் கீழே ஆமணக்கெண்ணெயையும், அவர்கள் எடுக்கும் மற்ற நாட்டு மருந்துகளையும், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற விபரத்தோடு எழுதுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொடுங்கள். அம்மாவோ அப்பாவோ "இதெல்லாம் மருந்தோ?" என்று கேட்பார்கள். ஆம், மருந்துதான் என்று சொல்லுங்கள்.